வாசனை இந்தப் பக்கம், ஓட்டை அந்தப் பக்கம்

சனிக்கிழமை சாயங்காலம் 6.40க்கு வந்த கேஸ் கசிவுப் புகாரில் "ஹிங் வாசனை" என்று எழுதியிருந்தது. பெருங்காயம். வேனில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நவராத்திரி நேரம், மும்பை மாட்டுங்கா, மூணாவது மாடியில் ஒரு தமிழ் மாமி. சுண்டலுக்குத் தாளித்திருப்பார்கள், அதற்குப் போய் அவசர நம்பருக்கு அடிப்பார்களா என்று கிண்டல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறையில் ஐம்பது வருஷம் நின்ற மூக்கு, பெருங்காயம் எது, பெருங்காயம் மாதிரி எது என்று பிரித்துச் சொல்லும்.

குழாயில் வரும் வாயு பெரும்பாலும் மீத்தேன். அதற்கென்று வாசனை கிடையாது. நாம் முகர்வது அதில் வேண்டுமென்றே கலக்கும் எத்தில் மெர்காப்டன். அது கந்தகச் சரக்கு, பெருங்காயத்தின் காரநெடியும் கந்தகச் சரக்குதான். ஆக மாமி சொன்னது பாதிக்கு மேல் சரி. 1937 மார்ச்சில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளிக்கூடம் வாசனையே இல்லாத வாயு தேங்கி வெடித்து, கிட்டத்தட்ட 300 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். வாயுவுக்கு நாற்றம் சேர்ப்பதைச் சட்டமாக்கும் வேகம் அதற்கப்புறம்தான் வந்தது.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரன். ஒரு ஒப்பந்தக்காரரிடம் 14 வருஷமாகக் கசிவு தேடும் வேலை. கையில் ஒரு கருவி, தோளில் ஒரு கம்பி, மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர், அவ்வளவுதான் உத்தியோகம். இந்தச் சனிக்கிழமைப் புகாரை எழுதி வைக்கக் காரணம், நான் தப்பான இடத்தில் ஒரு குழி தோண்டினேன். அந்தக் குழியைப் பற்றித்தான் இது.

போனதும் வீட்டுக்குள் பார்த்தோம். அடுப்பு, ரப்பர் குழாய், மீட்டர், சுவரோரம் ஏறும் ரைசர் எல்லாவற்றுக்கும் சோப்புத் தண்ணீர். ஒரு குமிழி வரவில்லை. வால்வை மூடி, வாயு அழுத்தத்தைத் தண்ணீர் மட்டத்தில் காட்டும் மேனோமீட்டரை மாட்டினால் தண்ணீர் மட்டம் 21 சென்டிமீட்டரில் நின்றது, பத்து நிமிஷம் கழித்தும் அசையவில்லை. கட்டடத்துக்குள் ஓட்டை இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கீழே, கேட்டை ஒட்டிய தண்ணீர் மீட்டர் குழியின் மூடியைத் தூக்கிக் கருவியின் மூக்கை விட்டதும் எல்இஎல் 18 காட்டியது.

எல்இஎல் என்பது தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு. மீத்தேனுக்கு அது காற்றில் 5 சதவீதம். 15 சதவீதத்துக்கு மேல் போனால் காற்று போதாமல் மறுபடி பிடிக்காது. எல்இஎல்லில் 18 என்றால் அந்த 5இல் நூற்றுக்கு 18 பங்கு, அதாவது காற்றில் 0.9 சதவீதம் வாயு. வெடிக்கிற அளவு இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் சுவரை ஒட்டிய மூடிய குழியில் அது இருக்கக் கூடாது. மூடியைத் திறந்து போட்டோம், கயிறு கட்டினோம், தீயணைப்பு உருளையோடு ஒருவரை நிறுத்தினோம், லிஃப்டை நிறுத்தச் சொன்னோம், அந்தக் கட்டடத்துக்கான வால்வை மூடினோம்.

வால்வை மூடியதும் மாமி இறங்கி வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க தமிழா?"

"ஆமா மாமி."

"கேஸை நிறுத்திட்டேள்னா நைவேத்யத்துக்கு நான் என்ன பண்றது?"

"ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கோங்க மாமி. இது உங்க பைப்பா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் மூடினேன்."

"ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துக் குழியைப் பதினைந்து நிமிஷம் மூடி வைத்து அளந்தேன். எல்இஎல் 15. மூடிய குழாயிலிருந்து வாயு வராது. ஆக, இது அவர்கள் பைப் இல்லை. வால்வைத் திறந்து, ஒவ்வொரு வீட்டு அடுப்பும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குத் தெருவுக்கு வந்தோம்.

மும்பையில் தெருவில் மீத்தேன் தேடுவது, கோயம்பேட்டில் காய்கறி வாசனை தேடுவது மாதிரி. எங்கே மூக்கை நீட்டினாலும் இருக்கும். பாதி ஊர் சதுப்பையும் கடலையும் தூர்த்து எழுந்தது, மீதியில் கட்டர், அதாவது சாக்கடை ஓடுகிறது. அழுகும் எதுவும் மீத்தேன் விடும். கேட்டுக்கு எதிரே இருந்த சாக்கடைச் சேம்பரில் 300 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 300 பங்கு காட்டியது. புதிதாக வேலைக்கு வந்தவன் என்றால் அதன் பின்னால் ஓடியிருப்பான். நானும் முதல் இரண்டு வருஷம் ஓடியிருக்கிறேன்.

பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. பூமிக்கடியிலிருந்து எடுத்துக் குழாயில் அனுப்பும் வாயுவில் மீத்தேனோடு கொஞ்சம் ஈத்தேன் கலந்திருக்கும். சாக்கடையில் நுண்ணுயிர் உண்டாக்கும் வாயுவில் ஈத்தேன் இருக்காது, பதிலுக்குக் கார்பன் டையாக்சைடும் அழுகிய முட்டை நாற்றமும் இருக்கும். எங்கள் கருவிகளில் ஒன்று மாதிரிக் காற்றை உறிஞ்சிப் பிடித்து வைத்து ஈத்தேன் உண்டா இல்லையா என்று சில நிமிஷத்தில் சொல்லிவிடும். சேம்பரில் ஈத்தேன் இல்லை. மீட்டர் குழியில் இருந்தது. சேம்பரை விட்டுவிட்டோம்.

அப்புறம் பார் ஹோல். நுனி கூரான கம்பி, அதன் மேல் ஏறி இறங்கும் கனமான உருளை. பிடி மட்டும் மின்சாரம் தாங்காத உறை போட்டது, ஏனென்றால் இந்த ஊர் நடைபாதைக்கடியில் கேஸ் பைப்புக்கு முன்னால் கரன்ட் கேபிள்தான் கிடைக்கும். பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு இரண்டடி ஆழம் இறக்குவோம், பைப் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் என்பதால் அதற்கு மேல் போகக் கூடாது. கம்பியை உருவினால் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு துளை. அதில் கருவியின் குழலை விட்டு மண்ணுக்குள் எத்தனை சதவீதம் வாயு என்று பார்ப்பது. நடைபாதை நெடுக இரண்டு மீட்டருக்கு ஒன்றாக ஐந்து துளை. 4, 11, 38, 35, 9.

இந்த இடத்தில் புது ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்இஎல் மோடில் எண் சட்டென்று ஏறி, அப்புறம் சரசரவென்று இறங்கினால் வாயு குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த சென்சார் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. எரிக்க ஆக்சிஜன் போதாத அளவுக்கு வாயு நிரம்பிவிட்டால் அது பூஜ்யம் பக்கம் வந்து படுத்துக்கொள்ளும். உடனே, மொத்தக் காற்றில் எத்தனை சதவீதம் வாயு என்று நேராகக் காட்டும் வால்யூம் மோடுக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது துளையில் அதுதான் நடந்தது. எல்இஎல்லில் 6 காட்டியதை வால்யூமில் பார்த்தால் 38 சதவீதம்.

பழைய வரைபடத்தில் மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் மெயின் பைப்பில் ஒரு கப்ளர் இருந்தது. 98ஆம் வருஷம் இரண்டு பிளாஸ்டிக் பைப்புகளை மின்சாரத்தில் உருக்கி ஒட்டிய மூட்டு. மஞ்சள் நிற பாலியெத்திலின் பைப் லேசில் கெடாது, துருவும் ஏறாது. மனுஷனுக்குப் போலவே அதற்கும் மூட்டில்தான் வயசு தெரியும். ஒட்டும்போது மேல்தோலைச் சுரண்டாமல் விட்டிருந்தாலோ ஈரம் இருந்திருந்தாலோ இருபது வருஷம் கழித்து வாயைத் திறக்கும். வாயு நிறைய இருக்கிறது, பக்கத்திலேயே பழைய மூட்டும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தோண்டச் சொன்னேன்.

ஒரு மீட்டர் இறங்கினோம். எச்சரிக்கை விரிப்பு வந்தது, மணல் வந்தது, மஞ்சள் பைப் வந்தது, கப்ளரும் வந்தது. துணியால் துடைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். மூட்டின் இரண்டு விளிம்பிலும் நுரை அப்படியே அடங்கிக் கிடந்தது. இன்னொரு முறை ஊற்றினேன். ஒன்றுமில்லை. நேற்றுத்தான் ஒட்டியது போல மூட்டு. ஹெல்பர் தம்பி குழிக்குள் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தான். "அண்ணே, இந்தப் பக்கம் பாருங்க" என்றான். குழியின் சாலைப் பக்கச் சுவரில், மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அங்கே கருவியை வைத்தால் 30. வாயு இங்கே பிறக்கவில்லை. சாலைக்கடியிலிருந்து இங்கே வருகிறது.

2023க்கு அப்புறம் மும்பையில் தார்ச்சாலைகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவது வேகம் பிடித்தது. வண்டிக்கு நல்லது. எனக்கு அது பானைக்கு மூடி போட்ட மாதிரி. தார்ச்சாலையில் ஆயிரம் வெடிப்பு இருக்கும், கசியும் வாயு நேரே மேலே வந்துவிடும், கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும். ஒரு அடி கான்கிரீட்டுக்குக் கீழே கசிந்தால் அதற்கு மேலே வழியில்லை. பக்கவாட்டில் ஓடும். பழைய பைப் புதைத்த மணல், கேபிள் போன குழாய், தண்ணீர்க் குழாயின் பள்ளம், எது லேசோ அது வழியாகப் போய், கான்கிரீட் மூடாத முதல் இடத்தில் தலையை நீட்டும். அந்தத் தெருவில் அது மாமி கட்டடத்தின் மீட்டர் குழி.

மதியம் மழை பிடித்தது. அக்டோபரில் போகிற மழை சும்மா போகாது. ஒரு மணி நேரம் கொட்டியதில் நடைபாதைத் துளைகளில் தண்ணீர் நின்றது. நனைந்த மண் வாயுவை விடாது, ஆகவே நடைபாதையில் அளவு விழுந்தது, மீட்டர் குழியில் ஏறியது. எல்இஎல் 26. குழிக்குள் வெளிக்காற்றை அடித்துக்கொண்டே இருக்கத் தீப்பொறி வராத ஊதுவிசிறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தோம், அரை மணிக்கு ஒருமுறை அளந்து எழுதினோம். தெரு முழுவதற்கும் செக்‌ஷன் வால்வை மூடலாமா என்று மேலே கேட்டேன். மூடினால் பல நூறு அடுப்பு அணையும். திரும்பத் திறக்கும்போது ஒவ்வொரு வீடாக ஏறிக் காற்றை வெளியேற்ற வேண்டும், ஒரு வீடு பூட்டியிருந்தாலும் அது தனி ஆபத்து. எல்இஎல் 40ஐத் தொட்டால் மூடிவிடுவது என்று முடிவானது. அந்த ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை. மாமி ஒரு டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தனுப்பினார். அதிலும் பெருங்காயம்தான்.

ராத்திரி வேனில் உட்கார்ந்து தெருவை ஒரு காகிதத்தில் வரைந்தேன். கான்கிரீட்டைத் துளை போடலாம், ஆனால் அடியில் வாயு இருக்கும்போது டிரில் போடுவதைக் கடைசியில்தான் யோசிப்பேன். அதனால் ஏற்கெனவே திறந்திருக்கும் இடங்களை மட்டும் குறித்தேன். கான்கிரீட் பலகைகளுக்கு இடையிலான இணைப்புகள், எதிர்ப்பக்க நடைபாதையின் பேவர் பிளாக், ஒரு கேபிள் சேம்பர், ஒரு மரத்தைச் சுற்றி விட்ட மண்.

மரம். சனிக்கிழமை ராத்திரியே அதைப் பார்த்திருந்தேன். எதிர்ப்பக்கத்தில் தகரம் அடைத்த காலி மனை, அதன் வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், பாதிக் கிளை மொட்டை. மண்ணில் வாயு நிறைந்தால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, மரம் காயும். இந்தத் தொழிலில் பாலபாடம் அது. ஆனால் மும்பையில் தூங்குமூஞ்சி மரங்கள் மாவுப்பூச்சி விழுந்து வருஷக்கணக்காகச் செத்துக்கொண்டிருக்கின்றன. கிளையில் வெள்ளையாகப் பூச்சியும் இருந்தது. மேலாகப் பிடித்துப் பார்த்ததில் 15 பிபிஎம். "கட்டர் வாயு, பூச்சி விழுந்த மரம்" என்று நடந்துவிட்டேன். அந்த 15க்கு ஈத்தேன் சோதனை செய்ய எனக்கு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

திங்கள் காலை ஐந்தரைக்கு மரத்தடியில் கம்பியை இறக்கினேன். 62 சதவீதம். தகரத்தை ஒட்டி இன்னொன்று, 58. அந்தப் பக்கம் மொத்தம் ஐந்து துளை. இப்போது இரண்டு பக்கத்திலும் பெரிய எண்கள். முதல் நாள் செய்த தப்பைத் திரும்பச் செய்யாமலிருக்க எண்ணை நம்பாமல் வேகத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு துளையிலும் உறிஞ்சு பம்பைப் போட்டு வாயுவை வெளியே இழுத்துவிடுவது, பம்பை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்ப்பது. தேங்கி நின்ற வாயு என்றால் மெல்லத்தான் திரும்ப வரும். ஓட்டைக்குப் பக்கம் என்றால் ஊற்றுக்கண் மாதிரி, இறைக்க இறைக்க நிறையும். நடைபாதையில் 38 காட்டிய துளை பழைய அளவுக்கு வர இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. மரத்தடித் துளை ஒன்பது நிமிஷம். தகரத்தை ஒட்டிய துளை நாற்பது விநாடி.

மனைக் காவலாளி பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். இங்கே வாடை வருமா என்று கேட்டேன். "நாலு மாசமா வருது, கட்டர்னு நினைச்சேன்" என்றார் இந்தியில். சனிக்கிழமை ராத்திரியும் அவர் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை.

வரைபடத்தில் அந்தப் பக்கம் பைப்பே கிடையாது. காவலாளியிடம் கேட்டபோது புரிந்தது. அங்கே நாலு மாடிப் பழைய கட்டடம் இருந்து, புதிதாகக் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். இடிக்கும் முன் கேஸ் இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். ஆனால் மெயினில் அல்ல, சுவரோரத்தில். மேலே வந்த இரும்புக் குழாயை அறுத்து, ஒரு பிளக் முறுக்கி, மண்ணைத் தள்ளிவிட்டார்கள். இணைப்பு இல்லை என்பதால் வரைபடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். யார் செய்தது என்று தேடுவது என் வேலை இல்லை. ஆனால் மண்ணுக்கடியில் அந்தத் துண்டுக்குள் அத்தனை வருஷமும் வாயு அழுத்தத்தோடு நின்றுகொண்டிருந்தது.

கையால்தான் தோண்டினோம், ஜேசிபி வேண்டாம் என்றேன். இரண்டடியில் மண்ணின் நிறம் மாறியது. செம்மண் பழுப்பு போய், நீலம் பாரித்த சாம்பல் நிறம். அள்ளினால் உதிர்ந்தது. ஒரு மண்புழு கூட இல்லை. எல்லோரையும் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தால், இட்லிப் பானையின் மூடி ஓரத்தில் ஆவி பிரிகிற சத்தம். அடுத்த நாலு அங்குலத்தைக் கரண்டியால் எடுத்தோம்.

முதலில் வந்தது 32 மில்லிமீட்டர் மஞ்சள் பைப். அதன் மேல் அச்செழுத்து இன்னும் படிக்க முடிந்தது, 97 என்று தயாரிப்பு வருஷம். அதன் முனையில் பிளாஸ்டிக்கிலிருந்து இரும்புக்கு மாறும் டிரான்சிஷன் ஃபிட்டிங். அதற்கப்புறம் ஒரு முழ நீளம் ஜிஐ, அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய், முனையில் பிளக். துருவிலிருந்து காக்கச் சுற்றிய கறுப்பு டேப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. அதற்குள் தண்ணீர் நின்று நின்று நாகப்பூச்சு போய், குழாயின் அடிப்பக்கம் பொருக்கு பொருக்காக எழும்பியிருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றியபோது மேலே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடித் துண்டைக் கீழே பிடித்துப் பார்த்தால் பொருக்கின் நடுவில் ஊசிமுனை அளவு துளை, அதிலிருந்து நுரை கோலிக்குண்டு அளவுக்கு ஊதி ஊதி வெடித்தது. பொருக்கைச் சுரண்ட ஹெல்பர் தம்பி கையை நீட்டினான். கையைத் தட்டிவிட்டேன். அந்தத் துருதான் அப்போது பாதி அடைப்பு.

பிளாஸ்டிக் பகுதியில் ஸ்க்வீஸ் போட்டோம். இரண்டு உருளைக்கு நடுவில் பைப்பை மெல்ல நசுக்கி வாயுவை நிறுத்தும் கருவி அது. போடும் முன் பைப் மேல் ஈரத்துணியைச் சுற்றி அதன் நுனியை மண்ணில் படும்படி விட வேண்டும். பிளாஸ்டிக் பைப்புக்குள் வாயு விரைந்து ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். கடைசிச் சுற்று முறுக்கியதும் அந்த ஆவிச் சத்தம் நின்றது. தெருவில் காக்கை கத்துவது அப்புறம்தான் கேட்டது.

அங்கேயே மூடிவிட்டுப் போனால் இன்னொரு மறந்துபோன முனைதான் மிச்சமாகும். பைப் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடித்துக்கொண்டே போனோம். சாலைக்கடியில் ஒரு உறைக்குழாய் வழியாக அது குறுக்கே கடந்தது. வாயு வந்த ராஜபாட்டையும் அதுவேதான். பைப்புக்கும் உறைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பின்னோக்கி நடந்து, மாமி கட்டடப் பக்கம் மெயின் புதைத்த மணலில் இறங்கி, அங்கிருந்து மீட்டர் குழிக்கு. மெயினில் அது கிளை பிரிகிற சாடில் என்னுடைய வெறுங்குழியிலிருந்து சரியாக மூன்று மீட்டர். ஒன்பது மீட்டர் அகலச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓட்டைக்கு, மூன்று மீட்டர் தள்ளித் தோண்டியிருந்தால் ஞாயிறு காலையே வழி தெரிந்திருக்கும்.

சாடிலுக்குப் பக்கத்தில் அறுத்தோம். மேல்தோலை வளையமாகச் சுருள் சுருளாகச் சுரண்டி, ஆல்கஹால் துணியால் துடைத்து, மூடியைச் செருகி, அசையாமல் கிளாம்ப் போட்டு, 39.5 வோல்ட்டில் உருக்கி ஒட்டினோம். ஆறுகிற நேரம் மூடியின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதுவரை யாரும் தொடக் கூடாது, டீ குடிக்கப் போகலாம். சோப்புத் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. மதியம் 1.20. உறைக்குழாயின் இரண்டு முனையையும் அடைத்தோம்.

பாஸ்டன் நகரத்தில் கருவி மாட்டிய காரை 785 மைல் தெருக்களில் ஓட்டி 3,356 இடங்களில் கசிவு கண்டார்கள், 2013இல் வெளிவந்த ஆய்வு அது. வாஷிங்டனில் அதே போல 5,893. அங்கே நூறு வருஷத்தைத் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன, எந்தக் குழாய் பழசு என்று பார்த்தாலே கசிவு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். நம் குழாய்களுக்கு ஏறக்குறைய முப்பது வயசுதான். ஆனால் மேலே இருக்கும் ஊர் முப்பது வருஷத்தில் இரண்டு முறை இடிந்து எழுந்துவிட்டது. மாட்டுங்காவில் மட்டும் எத்தனை பழைய கட்டடம் தகர வேலிக்குள் போயிருக்கிறது என்று நடந்து எண்ணிப் பாருங்கள்.

சரிசெய்தது திங்கள் மதியம். அன்று சாயங்காலமும் மீட்டர் குழியில் எல்இஎல் 7 இருந்தது. மாமி மறுபடி இறங்கி வந்தார்.

"இன்னும் வாசனை இருக்கே தம்பி. சரியாத்தான் பண்ணினேளா?"

"பெருங்காயம் இருந்த பாண்டம் மாமி. மண்ணுக்குள்ள தேங்கினது போக ரெண்டு மூணு நாள் ஆகும்."

"அப்படிச் சொல்லுங்கோ" என்று சிரித்தார். செவ்வாய் 2, புதன் பூஜ்யம். மரத்தடித் துளையில் வியாழன்தான் பூஜ்யம் வந்தது, பம்பை நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஏறவில்லை. மரம் துளிர்க்குமா என்று காவலாளி கேட்கிறார். பூச்சியா வாயுவா எது அதைக் காய வைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

97, 98இல் இணைப்புக் கொடுத்து, பிறகு இடிக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் ஒன்றைப் பழைய பில் கணக்கிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். இந்த வட்டாரத்துக்கு மட்டும் பதினொன்று வந்திருக்கிறது. இரண்டில் மெயினிலேயே துண்டித்த பதிவு இருக்கிறது. மிச்சம் ஒன்பது. முதலாவது மனையில் நேற்றுக் கம்பி இறக்கினோம், நாலு துளையும் பூஜ்யம். அடுத்தது கிங்ஸ் சர்க்கிள் பக்கம், அங்கே தண்ணீர் வடிந்ததும் போகணும்.